பதினோராம் புத்தகத்துக்குப் பிறகு

அதிகாலை மூன்று நாற்பதுக்கு
இமிழன் முடிசூடினான்.
நான் வாட்டுமாடியில்
நாலாம் தொட்டிக்கும் ஐந்தாம் தொட்டிக்கும் நடுவே
கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தேன்.
காற்றாடி இரைந்துகொண்டிருந்தது.
பக்கத்தைப் புரட்டினேன்: வெற்றுத்தாள்.
இன்னொன்று: அச்சகத்தின் முகவரி.
அவ்வளவுதான்.

பதினொரு தொகுதி. ஒன்பது வருடம்.
ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பழைய புத்தகம் விற்கும் நியாஸ் நானா
முதலாவதைத் தரும்போதே சொன்னார்:
"தொடங்காதீங்க தம்பி, இது வட்டிக் கடன் மாதிரி."

இரண்டாவது,
ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு
நாங்கள் ரோட்டில் இருந்த மாதம்.
நாலாவதை ஊரடங்கில் இரண்டு முறை.
ஆறாவதில் உவர்க்கோட்டை முற்றுகை.
மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடி வாசித்தேன்.
கோட்டைக்குள் மாவு தீர்ந்த அன்று
பொகவந்தலாவைக் கடைகளிலும் தீர்ந்தது.
முன்னால் நிற்கும் சுமணபால
தினமும் திரும்பிக் கேட்பார்,
இன்று எத்தனை பேர் செத்தார்கள் என்று.
ஏழாவது மழையில் ஊறி
ரொட்டி மாவு போல உப்பிப்போனது.
அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக்
காயக் காய வாசித்தேன்.

அந்த நாட்டின் பதினேழு ஆறுகளும் எனக்குப் பாடம்.
எங்கள் மேல்பிரிவில் ஓடும் ஓடைக்கு
ஒரு பெயர் உண்டா என்று
யாரையும் கேட்டதில்லை.

டீமேக்கர் பெனடிக்டிடம் சொன்னேன்.
"யாரு ஜெயிச்சா?"
"நல்லவங்கதான்."
"அதுக்கா ஒம்பது வருசம்?"
ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகர்ந்தார்.
"எறக்கலாம். ரோலரப் போடச் சொல்லு."

விடிந்து லயத்துக்குப் போனபோது
யோகமலர் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டிருந்தாள்.
பிரட்டுக்கு நேரமாகிவிட்டது.
ஒரு பக்கமும் வாசித்தவள் அல்ல.
வேலையில்லாத இரவுகளில் நான் கதை சொல்வேன்,
யுத்தம் தொடங்கும்போதே தூங்கிவிடுவாள்.

"முடிஞ்சிருச்சு" என்றேன்.
"அப்ப அந்தப் பொடியன் என்ன ஆனான்?"
"எந்தப் பொடியன்?"
"குதிரையப் புடிச்சிக்கிட்டு நின்னானே.
வந்துர்றேன், இங்கயே நில்லுன்னு சொல்லிட்டு
ராசா குகைக்குள்ள போனாரே."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கட்டிலுக்கு அடியில் மூன்றாவதை இழுத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
சுள்ளி. வயது பதினொன்று. மழை.
கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு
இமிழன் உள்ளே போகிறான்.
ஐம்பது பக்கம் கழித்து
மலையின் மறுபக்கம் வெளியே வருகிறான்.
அங்கே வேறொரு குதிரை ஆயத்தமாக நிற்கிறது.

பதினோராவதன் கடைசியில்
பெயர்ப்பட்டியல் முப்பது பக்கம்.
சமையல்காரன் இருக்கிறான்,
ஒரே ஒரு வரியில் விழுந்து செத்த வில்லாளி இருக்கிறான்.
குதிரையின் பெயர்கூட இருக்கிறது.
சுள்ளி இல்லை.

எழுதியவருக்கு எத்தனையோ படை,
மறந்திருக்கும்.
எனக்கும் மறந்துதானே போயிற்று?
யாரும் பார்க்காத எட்டுத் தொகுதி
அவன் அங்கேயே நின்றிருக்கிறான்,
ஓரிடத்தில் கையை மாற்றிக்கூடப் பிடிக்காமல்.

இன்றிரவு கொழுந்து அதிகம், மழைக் கொழுந்து.
கையில் புத்தகம் இல்லை.
தொட்டி தொட்டியாகக் கிளறிவிட்டுக் கூடையில் உட்கார்ந்து
முதலில் அங்கே மழையை நிறுத்தினேன்.
பிறகு அவனை ஒரு கல்லில் உட்காரவைத்தேன்.
உட்கார மாட்டேன் என்றான்,
நில் என்று சொல்லியிருக்கிறார்களாம்.
நான் வற்புறுத்தவில்லை.
மற்ற தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.
வந்து பார்த்தால் குகை வாயிலில் யாரும் இல்லை,
ஈரத்தில் குளம்படி மட்டும்
கீழ்நோக்கிப் போகிறது.

மூன்று நாற்பதுக்கு ஓரோடை வரை வந்துவிட்டார்கள்.
பதினேழில் எதுவும் இல்லை அது,
வரைபடத்தில் இல்லாத சின்ன நீர்.
குதிரை குடிக்கிறது.
பின்னங்கால் கொஞ்சம் நொண்டுகிறது.